எழுதியவன் ஒருவன், பெயர் ஒருவனுக்கு!

ஆலையில் கால் கடுக்க நின்று ஒருவன் நெய்கிறான். வேறொருவன் தன் முத்திரையைக் குத்தி அந்தத் துணியை விற்கிறான். இது நமக்குப் பழகிப்போன காட்சி, கோபம்கூட வருவதில்லை. ஆனால், செத்துப்போன தன் குழந்தையை நினைத்து ஒருவன் அழுது எழுதிய கதையை இன்னொருவன் தன் பெயரில் அச்சிட்டு மாலை போட்டுக்கொண்டான் என்றால் துடித்துப் போகிறோம். நெய்ததைப் பறித்தால் வியாபாரம். எழுதியதைப் பறித்தால் திருட்டு! இந்த வேடிக்கையைப் பற்றித்தான் இன்று பேச நினைக்கிறோம்.

நம்மைப் பேசத் தூண்டியது ஓர் அமெரிக்கப் படம். 'தி வேர்ட்ஸ்' என்று பெயர். 'சொற்கள்' என்று பொருள். பிரையன் கிளக்மன், லீ ஸ்டெர்ன்தால் என்ற இருவர் எழுதி இயக்கி, 2012-ல் வெளிவந்தது. துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. ஒரு பெட்டி, கொஞ்சம் பழைய காகிதம், இரண்டு மனிதர்கள். அவ்வளவுதான் படம்.

ரோரி ஜான்சன் என்று ஓர் இளைஞன். நியூயார்க்கில் வாசம். எழுத்தாளனாக வேண்டும் என்ற வெறி. கையில் காசில்லை, தகப்பனாரிடம் கடன் கேட்டுக் கேட்டு வெட்கமும் தேய்ந்துவிட்டது. வயிற்றுப்பாட்டுக்கு, எழுத்தாளர்களின் புத்தகங்களைப் பதிப்பாளர்களிடம் சேர்க்கும் ஒரு நிறுவனத்தில் தபால் பிரிக்கும் வேலை. காலமெல்லாம் உழைத்து அவன் எழுதிய நாவலை எவரும் வெளியிடவில்லை. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் விற்காது என்று திருப்பி விடுகிறார்கள்.

கல்யாணமாகிறது. புது மனைவி டோராவுடன் பாரிஸ் போகிறான். பழம்பொருள் கடை ஒன்றில் இருந்த தோல் பெட்டியை அவள் ஆசையாக வாங்கிக் கொடுக்கிறாள். ஊர் திரும்பிச் சில நாள் கழித்துப் பெட்டியைத் துழாவினால், உள்ளே ஓர் உறை. உறைக்குள் தட்டச்சு செய்த பழைய காகிதக் கட்டு. ஒரு நாவல்! படிக்கிறான். தன்னால் எந்த நாளும் எழுத முடியாது என்று அவனுக்கே தெரிகிற எழுத்து. தூக்கம் போகிறது. அந்தச் சொற்கள் தன் விரல் வழியே வந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க, ஒரு புள்ளியையும் மாற்றாமல் முழுவதையும் தன் இயந்திரத்தில் தட்டுகிறான். அதைத் தற்செயலாக மனைவி படித்து விடுகிறாள். கணவன் எழுதியதென்றே நினைத்துக் கண் கலங்குகிறாள். 'இல்லை' என்று ஒரு சொல் சொல்ல வேண்டிய இடம் அதுதான். அந்த ஒரு சொல் அவன் வாயில் வரவில்லை.

அப்புறம் என்ன, புத்தகம் வந்தது, பேர் வந்தது, பணம் வந்தது. நேற்றுவரை தபால் சுமந்த அதே இடத்தில் இன்று நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார்கள்.

ஒரு நாள் பூங்காவில் ஒரு கிழவர் பக்கத்தில் வந்து உட்காருகிறார். கதை சொல்கிறார். யுத்த முடிவில் அமெரிக்கச் சிப்பாயாகப் பாரிசில் இருந்தவர். செலியா என்ற பிரெஞ்சுப் பெண்ணை மணந்தார். குழந்தை பிறந்தது, நிலைக்கவில்லை. துக்கம் தாளாமல் மனைவி தாய் வீடு போய்விட்டாள். தனி அறையில் அமர்ந்து, இரண்டே வாரத்தில் அந்தத் துயரம் முழுவதையும் அவர் காகிதத்தில் கொட்டினார். அதை மனைவியிடம் கொடுத்தார். அவள் படித்துவிட்டுத் திரும்பி வந்தாள்; காகிதக் கட்டு இருந்த பெட்டியை மட்டும் ரயிலில் மறந்து வைத்துவிட்டாள். அந்த இழப்பில் அவர்கள் வாழ்க்கையும் போயிற்று. அவர் பிறகு எழுதவே இல்லை. இந்த மாதிரி இழப்பு கதையில் மட்டும் நடந்ததல்ல. 1922-ல் ஹெமிங்வேயின் மனைவி ஹாட்லி, பாரிஸ் ரயில் நிலையம் ஒன்றில் அவர் எழுத்துகள் அடங்கிய பெட்டியைப் பறிகொடுத்தார். அந்தச் சம்பவத்தின் நிழல் இந்தப் படத்தில் விழுந்திருக்கிறது.

இனித்தான் நாம் கவனிக்க வேண்டிய கட்டம். மனச்சாட்சி உறுத்த ரோரி தன் முகவரிடம் போய் உண்மையைச் சொல்கிறான். தன் பெயரை எடுத்துவிட்டுக் கிழவர் பெயரைப் போட வேண்டும் என்கிறான். முகவர் கொதிக்கிறார். எதற்காக? திருடினானே என்பதற்காக மட்டும் அல்ல. அதை வெளியே சொல்லப் பார்க்கிறானே என்பதற்காக! சொன்னால் இருவர் பெயரும் நாறும், கிழவருக்குப் பணத்தைக் கொடுத்துச் சரிக்கட்டு என்பது அவர் யோசனை. போனஸ் கேட்டவனுக்கு முன்பணம் நீட்டுகிற முதலாளியை நமக்குத் தெரியாதா?

ரோரி பணத்தோடு தேடிப் போகிறான். கிழவர் எங்கே இருக்கிறார்? நாற்றங்கால் ஒன்றில், செடிகளுக்கு நடுவே, மண் படிந்த கையோடு. வேண்டாம் என்கிறார். சொல்லை எடுத்தவன் அதன் வேதனையையும் சேர்த்துச் சுமக்கட்டும் என்பது அவர் கட்சி. கெஞ்சவில்லை, மிரட்டவில்லை, வழக்குப் போடவில்லை. ஜெரமி அயர்ன்ஸ் என்ற நடிகர் இந்தக் கட்டத்தில் பேசுவதைக் காட்டிலும் பேசாமல் இருப்பதில் அதிகம் சாதிக்கிறார். கொஞ்ச நாளில் கிழவர் இறக்கிறார். ரகசியமும் போகிறது.

இந்தக் கதை முழுவதையும் கிளே ஹாமண்ட் என்ற பேர்போன எழுத்தாளர் ஒரு மேடையில் வாசிப்பதாகப் படம் அமைந்திருக்கிறது. திருடியவன் அந்த ஹாமண்டேதானா? படம் அதை உடைத்துச் சொல்லாமல் நழுவுகிறது. நமக்கு அந்த நழுவல் பிடிக்கவில்லை. மூன்று அடுக்குக் கட்டி, மேல் அடுக்கில் காற்றாடுகிறார்கள்.

படம் வெளிவந்தபோது இன்னொரு வேடிக்கையும் நடந்தது. சுவிட்சர்லாந்துக்காரர் மார்ட்டின் சூட்டர் 2004-ல் 'லீலா, லீலா' என்று ஒரு நாவல் எழுதியிருந்தார். ஓர் உணவு விடுதிப் பரிமாறுகிறவன், பழைய மேசை வாங்குகிறான். இழுப்பறையில் கையெழுத்துப் படி கிடைக்கிறது. ஒரு பெண்ணின் மனத்தைக் கவர அதைத் தன்னுடையது என்கிறான். புத்தகமாகிப் புகழ் வருகிறது. ஒரு கிழவர் வந்து நிற்கிறார். 2009-ல் ஜெர்மனியில் படமாகவும் வந்தது. திருட்டைப் பற்றிய படமே திருட்டோ என்று சுவிஸ் பத்திரிகைகள் கேட்டன! அந்த நாவலுக்கு முன்பே எழுதத் தொடங்கிவிட்டோம் என்றார்கள் இயக்குநர்கள். நாம் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஒரே எண்ணம் இருவருக்குத் தோன்றுவது உண்டு. ஒற்றுமையைக் கண்டதும் 'திருடன்' என்று கூவுவதும் அநியாயமே.

ஆனால் ஒன்றைக் கேட்கிறோம். 2015-ல் பிரான்சில் வந்த 'ஓர் இலட்சிய மனிதன்' என்ற படத்தில் திருடுகிறவன் வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் தொழிலாளி. செத்துப்போன ஒரு பழைய சிப்பாயின் அல்ஜீரிய யுத்த நாட்குறிப்பை எடுத்துக்கொள்கிறான். ஆக, தபால் பிரிப்பவன், பரிமாறுகிறவன், மூட்டை தூக்குகிறவன்! மூன்று நாட்டுக் கதைக்காரர்களும் திருடனைத் தேடி நம் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். படிப்பு ஆசை கொண்ட ஏழைதான் எழுத்தைத் திருடுவானா? சரித்திரம் என்ன சொல்கிறது?

வில்லி என்ற கனவான்

பாரிசில் 'வில்லி' என்ற புனைபெயரில் ஒரு பிரமுகர் இருந்தார். நாடக, சங்கீத விமர்சகர், செல்வாக்கு மிக்கவர். அவர் பெயரில் வந்த நாவல்கள் பலவற்றை எழுதியது கூலிக்கு அமர்ந்த எழுத்தாளர்கள். சுருங்கச் சொன்னால், ஒரு எழுத்துப் பட்டறை. மேஸ்திரியும் அவரே, முதலாளியும் அவரே. 1893-ல் கிராமத்துப் பெண் கொலெத்தை மணந்தார். உன் பள்ளிக்கூட நினைவுகளை எழுது என்றார். எழுதினாள். பிரயோஜனமில்லை என்று இழுப்பறையில் போட்டார். பின்னொரு நாள் இழுப்பறையைச் சுத்தம் செய்தபோது குறிப்பேடுகள் கண்ணில் பட, படித்துப் பார்த்துவிட்டுப் பதிப்பாளரிடம் ஓடினார்.

இங்கேயும் இழுப்பறைதான், கண்டெடுத்த எழுத்துத்தான்! ஆனால் எழுதியவள் யாரென்று தெரியாத எழுத்தா அது? அதே வீட்டில் இருக்கிறாள்.

1900-ல் 'பள்ளியில் கிளாடின்' வெளிவந்தது. மேலட்டையில் வில்லி! அமோக விற்பனை. 1903-க்குள் மேலும் மூன்று. நாடகமாயிற்று, கிளாடின் காலர், கிளாடின் சோப்பு என்று கடைத்தெருவெல்லாம் கிளாடின். அடுத்த பக்கங்களுக்காகத் தன்னை அறையில் வைத்துப் பூட்டினார் என்று கொலெத் 1936-ல் எழுதிய நினைவுகளில் சொல்கிறார். 1907-ல் வில்லி அந்த நான்கு புத்தகங்களின் உரிமையையும் விற்றுத் தீர்த்தார். எழுதியவளைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய சட்டமும் இல்லை. பெயர் அவருடையது அல்லவா! பிரிந்துபோன கொலெத் மேடையில் ஊமைக்கூத்து ஆடிப் பிழைத்தார். இதையும் 2018-ல் 'கொலெத்' என்ற பெயரிலேயே படமாக எடுத்தார்கள். 'தி வேர்ட்ஸ்' பார்த்தவர்கள் அதையும் பார்க்க வேண்டும். ரோரி இரவெல்லாம் தூங்கவில்லை. வில்லிக்குத் தூக்கம் கெட்டதாகத் தெரியவில்லை.

அலெக்சாண்டர் டூமாவுக்கு 'மூன்று மஸ்கட்டியர்' வீரர்கள் கதையில் உடனுழைத்த அகஸ்டு மாக்கே வழக்காடிப் பார்த்தார். மேலட்டையில் பெயர் கிடைக்கவில்லை. டூமா சும்மா இருந்தவர் அல்ல, மாக்கே கொடுத்ததற்கு உயிர் கொடுத்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் 'டூமா' என்ற ஒற்றைப் பெயர்தான் விற்பனைச் சரக்கு. பாரிஸ் இடுகாட்டில் மாக்கேயின் கல்லறையில் அந்த நாவல்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். உயிரோடு இருந்தபோது அட்டையில் இடமில்லை. செத்த பிறகு கல்லில் இடம்!

ஒரு தோழர் கேட்கக்கூடும்: "நம் துண்டுப் பிரசுரங்களில் எழுதியவன் பெயர் இருப்பதில்லையே! எங்கோ ஒருவர் பேசியதை இன்னொருவர் அடுத்த கூட்டத்தில் பேசுகிறாரே, அதுவும் திருட்டா?" நியாயமான கேள்வி. இரவில் விழித்துப் பிரசுரம் எழுதுகிறவன் பெயர் வேண்டாமென்று தானே கொடுக்கிறான். கொடுத்ததை எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம். கொலெத் கொடுக்கவில்லை. அந்தக் கிழவரும் கொடுக்கவில்லை, தொலைத்தார். ஆனால் கொடுத்ததையும் 'நான் எழுதியது' என்று மார்தட்டிக்கொள்கிற ஆசாமி நம் மேடையிலும் உண்டு. அவரை நாம் வில்லியின் சித்தப்பா மகன் என்றுதான் அழைப்போம்.

கடைசியாக, படத்தைப் பற்றி ஒரு செய்தி. ரோரிக்குப் பெயர் உண்டு, டோராவுக்கு உண்டு, ஹாமண்டுக்கு உண்டு. ரயிலில் பெட்டியை மறந்த செலியாவுக்கும் உண்டு. நாவலை எழுதியவருக்குப் படம் முழுவதும் பெயர் இல்லை. நடிகர் பட்டியலிலும் 'முதியவர்' என்றுதான் போட்டிருக்கிறார்கள்.