யுத்த காலமும் நாளைய கணக்கும்



எழும்பூரிலிருந்து தெற்கே செல்லும் இருப்புப்பாதை செங்கற்பட்டைக் கடந்து திண்டிவனத்தை அடைகிறது. பின்னர் விழுப்புரம் சந்திப்பில் பல கிளைகளாகப் பிரிகிறது. 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இப்பாதையில் சென்ற வண்டிகளில் நிற்கவும் இடமில்லை. அவ்வாண்டு பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும், மார்ச் மாதத்தில் இரங்கூனும் ஜப்பானியர் வசமாயின. ஏப்ரல் 5-இல் கொழும்பின் மீதும், மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய ஊர்களின் மீதும் குண்டுகள் விழுந்தன. அடுத்தது சென்னைதான் என்று மக்கள் நம்பினர். நகரில் இருந்தே தீரவேண்டிய அவசியமில்லாதோர் வெளியேறலாம் என்று அரசாங்கமும் கூறிவிட்டது. 1914 செப்டம்பர் 22-இல் எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பல் நகரைச் சுட்டதைக் கண்டிருந்த முதியோருக்கு இவ்வச்சம் புதிதன்று.

இவ்வெளியேற்றத்தைப் பீதி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எளிது. நான் அவ்வாறு கருதவில்லை. நாளை என்ன நேரும் என்று அறியாத மனிதர் போட்ட கணக்குகள் பல அதனுள் அடங்கியிருந்தன. எங்கள் குடும்பத்தில் நடந்ததையே சொல்லுகிறேன்.

என் பாட்டனார் அப்போது சென்னையில் ஒரு கடையில் கணக்கர். பாட்டியையும் இரு குழந்தைகளையும், திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட ஒரு கிராமத்தில் இருந்த மைத்துனர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தாம் மட்டும் நகரிலேயே தங்கினார். குடியிருந்த வீட்டையும் காலி செய்யவில்லை. இரண்டு இடத்தில் அடுப்பு எரிந்தால் செலவு ஏறும் என்பதை ஒரு கணக்கர் அறியமாட்டாரா? குண்டு விழுந்தால் குடும்பம் பிழைக்கும். விழாவிட்டால் வேலையும் வீடும் நிலைக்கும். எது நேரும் என்று தெரியாதவர், இரண்டுக்கும் சேர்த்தே விலை கொடுத்தார்.

பணத்தை எவ்வுருவில் வைத்துக்கொள்வது என்பதும் ஒரு கேள்வியாக இருந்தது. 1940-இல் பிரான்சு வீழ்ந்த செய்தி கேட்டு, மக்கள் நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாயை வாங்கிப் பதுக்கினர். நாணயம் அருகவே, அரசாங்கம் அவ்வாண்டே ஒரு ரூபாய் நோட்டை மீண்டும் வெளியிட்டது. புதிய ரூபாயில் வெள்ளியின் அளவையும் பாதியாகக் குறைத்தது. பாட்டியின் பெட்டியில் பழைய ரூபாய்கள் சில இருந்தன. ஆனால் பர்மா அரிசி நின்று விலை ஏறிய 1943-இல், அவை ஒரு மரக்கால் நெல்லுக்கு நிகராகவில்லை என்று அவர் சொல்வதுண்டு.

பாட்டியின் தமையனாருக்கு வேறு கவலை. அப்பக்கத்தில் மணிலாக்கொட்டை என்று வழங்கும் நிலக்கடலைதான் அவருக்குக் காசு தரும் பயிர். நம் மாகாணத்துக் கடலையில் கணிசமான பகுதி எண்ணெய் ஆட்டுவதற்காக ஐரோப்பாவுக்கு, குறிப்பாகப் பிரான்சுக்கு, கப்பலேறி வந்தது. புதுச்சேரித் துறைமுகமும் இவ்வாணிகத்தில் பங்கு பெற்றிருந்தது. பிரான்சு வீழ்ந்ததும் அச்சந்தை அடைபட்டது. எங்கோ மார்சேல்ஸ் ஆலைக்கு நேர்ந்தது இங்கே மண்டியில் விலை இறக்கமாக வந்து சேர்ந்தது.

அதே 1940-இல் திண்டிவனத்து ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து டி.எம்.வி. 2 என்னும் கடலை ரகம் வெளிவந்தது. திண்டிவனம் என்ற பெயரின் சுருக்கமே அவ்வெழுத்துகள். குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட இது, ஏறக்குறைய 105 நாட்களில் முற்றிவிடும். கொடிக் கடலைக்கோ இன்னும் ஒரு மாதம் வேண்டும். இஃது யுத்தத்திற்காகச் செய்யப்பட்டதன்று. பொறுமையான உழைப்பின் பயன் அவ்வேளையில் கைக்கு வந்தது, அவ்வளவே. ஆயினும், விலை எங்கே போகும் என்று அறியாத உழவனுக்கு ஒரு மாதம் முன்னதாக நிலம் ஒழிவது சிறிய காரியமா?

ஆனால் அவசரத்துக்கும் ஒரு தண்டம் உண்டு. கொத்துக் கடலைக்கு விதையுறக்கம் இல்லை. ஆடியில் விதைத்ததை ஐப்பசியில் பறிக்கும் தறுவாயில் அடைமழை பிடித்துக்கொண்டால், மண்ணுக்குள்ளேயே முளைவிட்டுவிடும். கொடிக் கடலை சில நாள் காத்திருக்கும். தமையனார் பாதி நிலத்தில் கொத்தையும் பாதி நிலத்தில் கொடியையும் விதைத்தாராம். சென்னையில் கணக்கர் செய்ததும் இதுதானே!

இன்னொரு சங்கடம் விதையைப் பற்றியது. கடலை பயிரிட ஓர் ஏக்கருக்கு ஏறக்குறைய 50 கிலோ பருப்பு வேண்டும். அவ்வளவும் உண்ணத்தக்க பொருள். விற்றால் அன்றைக்கே காசு. விருந்தாளிகள் நிறைந்து, அரிசி அருகிவந்த வீட்டில் அதைத் தொடாமல் அடுத்த ஆடி வரை வைத்திருப்பது எப்படி? விதைக்காய் மூட்டைகளைப் பரண்மேல் ஏற்றி, ஏணியை அண்டை வீட்டாரிடம் கொடுத்துவிட்டார்களாம். குழந்தைகளுக்குப் பயந்து என்றுதான் சொல்வார்கள். பெரியவர்களுக்குப் பயந்தும் இருக்கலாம்.

அந்த ஏப்ரலில் சென்னையின் மீது குண்டு விழவில்லை. சில மாதங்களில் பலர் திரும்பினர். பாட்டி கடலை பறித்த பிறகே திரும்பினார். 1943 அக்டோபரில் ஒரு ஜப்பானிய விமானம் வந்து சில குண்டுகளை வீசிச் சென்றது. பாட்டனார் மறுபடியும் பெட்டியைக் கட்டச் சொன்னார். குழந்தைகளுக்குப் பரீட்சை வருகிறது என்று பாட்டி மறுத்துவிட்டார்.