பயம் தெளிய நாளாகும்

பயத்தைப் பிடித்துக்கொள்ள மூளைக்கு ஒரே அனுபவம் போதும், தெளியத்தான் நாளாகும். அரியலூர், பெரம்பலூர் சாலைகளில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாமல் ஓடுகின்றன. அப்படியொரு லாரி உரசி விழுந்தவருக்குக் காயம் ஆறிய பிறகும் ஏர்ஹாரன் கேட்டால் நெஞ்சு படபடக்கும். சத்தத்தையும் ஆபத்தையும் முடிச்சுப் போட்டு வைப்பது மூளையின் அமிக்டலா. பலமுறை ஹாரன் கேட்டும் ஒன்றும் நேராவிட்டால் படபடப்பு மெல்லக் குறையும்.

ஆனால் பழைய நினைவு அழிவதில்லை. 'இப்போது ஆபத்தில்லை' என்ற புதுப் பாடம் அதன்மேல் பதிகிறது. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் புறணி அந்தப் பாடத்தைக் கொண்டு அமிக்டலாவை அடக்குகிறது. வெறும் அடக்கம்தான் என்பதால், வேறோர் ஊர்ச் சாலையில் பயம் மறுபடி தலைதூக்கலாம்.

மன அழுத்தம் கெடுப்பது இந்தப் புதுப் பாடத்தை. அதிர்ச்சியில் சுரக்கும் நார்அட்ரினலின் அமிக்டலாவை முடுக்கிவிட்டு, முன்மூளையின் பிடியைத் தளர்த்துகிறது. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீபன் மாரெனும் அவருடன் ஆய்வு செய்த சாங்கும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஒலியோடு மின்னதிர்ச்சி பெற்ற எலிகளுக்குச் சில நிமிடங்களிலேயே வெறும் ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்தார்கள். பயம் அப்போதைக்கு அடங்கியது, மறுநாளே திரும்பியது. ஒரு நாள் கழித்துத் தந்த அதே பயிற்சியோ நிலைத்தது. நார்அட்ரினலினின் வேலையைத் தடுக்கும் புரோப்ரனலால் என்ற ரத்த அழுத்த மருந்தைத் தந்தால் அவசரப் பயிற்சியும் பலிக்கிறது என்று மாரெனின் குழு 2015-ல் காட்டியது. எலிக்குப் பலித்தது மனிதருக்கும் பலிக்கும் என்று அடித்துச் சொல்வதற்கில்லை.

நாள்பட்ட அழுத்தத்தின் தடம் இன்னும் ஆழம். பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜியின் குழு, எலிகளைத் தினம் 2 மணி நேரம் வீதம் 10 நாள் அசையவிடாமல் வைத்தது. நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸில் நரம்புக் கிளைகள் சுருங்கின. அமிக்டலாவிலோ செழித்து வளர்ந்தன. 21 நாள் ஓய்வுக்குப் பின் முன்னது தேறிவிட்டது, பின்னது தேறவில்லை.

மனிதரிடம் விபத்து விட்டுச்செல்லும் மனக்காயமும் புதிதல்ல. 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய விபத்தில் தப்பியவர்களின் மனக்காயத்துக்கு மருத்துவ நூலில் தனிப் பெயர் கிடைத்ததோ 1980-ல்தான்.

விபத்தில் பிழைத்தவரைச் சுற்றி நின்று "எப்படி நடந்தது, சொல்லு" என்று துருவுவது நம் ஊர் வழக்கம். அது கூடாது, கதையைச் சொல்லக் கட்டாயப்படுத்தாதீர்கள் என்றே உலக சுகாதார நிறுவனத்தின் 2011-ம் ஆண்டு உளவியல் முதலுதவிக் கையேடும் சொல்கிறது. முதலில் பாதுகாப்பு, உறக்கம், உறவினர் துணை. வாரக்கணக்கில் பயம் தணியாவிட்டால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம்.