புதிதாய் வந்த தோழி

காலை மணி அடித்து ஓய்ந்துவிட்டது. வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த சிற்றூர்ப் பள்ளி ஒன்றில், மூன்றாம் வகுப்பின் வாயிலில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி நிற்கிறாள் என எண்ணிப் பாருங்கள். அவளுடைய ஒரு கை தந்தையின் விரலைப் பற்றியிருக்கிறது. மற்றொரு கையில் புதுப் பை இருக்கிறது. அவள் பிறந்த ஊர் ஒடிசா மாநிலத்தில் உள்ளது. சேதராப்பட்டுத் தொழிற்சாலை ஒன்றில் தந்தைக்கு வேலை கிடைத்தமையால் குடும்பம் இரயிலேறி இங்கு வந்தது. ஆசிரியை அவள் பெயரைத் தமிழில் கேட்கிறார். வகுப்பு முழுவதும் அவளையே நோக்குகிறது. அவள் வாய் திறக்கவில்லை. பின்வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள்.

அச்சிரிப்பு சிறியது, அதனால் விளையக்கூடிய தீங்கோ சிறியதன்று. மறுநாள் அவள் பள்ளிக்கு வர மறுக்கலாம். தாயும் தந்தையும் வேலைக்குச் சென்றபின், தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே தங்கிவிடலாம். சில திங்கள் அவ்வாறு கழிந்தால், அவள் மீண்டும் பள்ளியை நாடுவது அரிதாகிவிடும். நட்ட நாற்று வேர் பிடிப்பதும் வாடுவதும் முதற்சில நாள்களிலேயே தெரிந்துவிடும். பாகூர் வயல்களில் நாற்று நடுவோர் இதனை நன்கு அறிவர். புதிய பள்ளிக்கு வரும் குழந்தையின் நிலையும் அத்தகையதே.

ஊர்விட்டு ஊர் பெயர்தல் புதுவை மண்ணுக்குப் புதிதன்று. பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் 1848ஆம் ஆண்டு அடிமை முறை ஒழிக்கப்பட்டது. அதன்பின் அந்நாடுகளின் கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்காகத் தமிழர் பலர் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டனர். இந்தியத் தொழிலாளரை ஏற்றிய முதற்கப்பல் 1853இல் மார்த்தினிக்குத் தீவையும், 1854இல் குவாதலூப்புத் தீவையும் அடைந்தது. அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கு வாழ்கின்றனர், மாரியம்மனை வழிபடுகின்றனர். ஆயினும் அவர்கள் பேசுவது பிரெஞ்சும் கிரெயோலுமே. பள்ளியில் இடம் பெறாத தமிழ், காலப்போக்கில் வீட்டிலிருந்தும் மறைந்தது.

பிரெஞ்சு அரசின் அலுவல்களை நாடிச் சைகோன் நகருக்குச் சென்ற புதுவைக் குடும்பங்களும் பல. இந்தோசீனத்தில் பிரெஞ்சு ஆட்சி 1954இல் முடிவுற்றபோது சிலர் திரும்பினர். 1975இல் சைகோன் வீழ்ந்தபோது வேறு சிலர் திரும்பினர். வியத்நாமிய மொழியும் பிரெஞ்சும் பேசி வளர்ந்த பிள்ளைகள், தம் முன்னோர் ஊருக்கே புதியவராய் வந்து நின்றனர். ஆகவே, வகுப்பு வாயிலில் தயங்கி நிற்கும் ஒடிசாச் சிறுமியின் நிலை இவ்வூர்க் குடும்பங்கள் பலவற்றின் பழங்கதையே ஆகும்.

அவள் ஏன் பேசவில்லை? அறியாமையாலா? அன்று. தன் ஊர்ப் பள்ளியில் அவள் கூட்டலும் கழித்தலும் கற்றவள். வட்டவட்டமான ஒடியா எழுத்துகளை அழகாக எழுதுபவள். புதுமொழியின் நடுவே வந்த குழந்தை முதலில் செவியாலேயே கற்கிறது. பிறர் பேச்சைக் கேட்டுக் கேட்டுப் பொருளை உணர்கிறது. பேச்சு அதன் பின்னரே பிறக்கிறது. இம்மௌன காலம் சில குழந்தைகளுக்குச் சில வாரங்களாகவும், சிலருக்குச் சில திங்களாகவும் நீடிக்கும். கனடா நாட்டில் ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் என்னும் கல்வி அறிஞர் மற்றோர் உண்மையையும் எடுத்துக்காட்டினார். விளையாட்டிடத்தில் பேசும் மொழி ஏறத்தாழ 2 ஆண்டுகளில் கைவந்துவிடும். பாடநூல் மொழியில் தேர்ச்சி பெறவோ 5 முதல் 7 ஆண்டுகள் வரை ஆகும். எனவே, நன்றாகப் பேசும் குழந்தை பாடத்தில் பின்தங்கினால், அதனைச் சோம்பல் என்று கடிந்துகொள்ளுதல் தவறு. தாய்மொழியை மறக்கச் செய்தலும் தவறு. ஒரு மொழியில் எண்ணக் கற்ற குழந்தைக்கு மற்றொரு மொழியில் எண்ணுவது எளிதாகும்.

அச்சத்தைப் போக்கும் வழிகள் எளியவை. அவற்றுள் முதலாவது பெயர். புதியவளின் பெயரைத் திரிக்காமல் சொல்லக் கற்றல் வகுப்பின் முதற்கடமை. இரண்டாவது இடம். அன்பான ஒரு மாணவி பலகையில் சற்று நகர்ந்து உட்கார்ந்தாலே, “நீயும் எங்களுள் ஒருத்தி” என்பது சொல்லாமலே விளங்கிவிடும். மூன்றாவது விளையாட்டு. பாண்டி ஆடுவதற்கு இலக்கணம் வேண்டுவதில்லை. ஒற்றைக்காலால் கட்டம் கட்டமாகத் தாண்டும்போது, தோழியர் எண்ணும் ஒன்று, இரண்டு, மூன்று என்னும் சொற்கள் தாமே அவள் நாவில் வந்து அமர்கின்றன.

நான்காவது உணவு. புதுச்சேரிப் பள்ளிகளில் மதிய உணவு வழங்கும் முறை 1930ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆட்சியிலேயே தொடங்கப்பட்டது. பசியைத் தீர்ப்பதோடு, அனைவரையும் ஒரே வரிசையில் அமரச் செய்வதும் அவ்வுணவின் பயனாகும். ஒருநாள் உணவு வேளையில், சோற்றில் நீர் ஊற்றி வைத்து உண்ணும் ‘பகாளா’ என்னும் ஒடிசா உணவைப் பற்றி அச்சிறுமி கைச்சாடையாலும் அரைகுறைத் தமிழாலும் விளக்குகிறாள். “எங்கள் பாட்டி தரும் பழைய சோறுதானே இது!” என்று பக்கத்திலிருப்பவள் வியக்கிறாள். ஆயிரம் கல் தொலைவு அந்நொடியில் குறைந்துவிடுகிறது.

பொங்கல் விழாவை முன்னிட்டு மாணவியர் பள்ளி முற்றத்தில் கோலமிடுகின்றனர். அவள் அரிசி மாக்கரைசலில் விரலைத் தோய்த்து, நெற்கதிரும் தாமரையும் திருமகளின் சிற்றடிகளும் வரைகிறாள். மார்கசிர மாதத்து வியாழக்கிழமைகளில் ஒடிசா இல்லங்களில் இடப்பெறும் கோலம் அது. முதல்நாள் சிரித்த சிறுவன் அருகில் வந்து நின்று உற்று நோக்குகிறான். அன்று அவளுக்கு எவரும் எதையும் கற்பிக்கவில்லை, அவளே கற்பித்தாள். பிறரிடமிருந்து பெறுவதால் மட்டும் ஒருவர் ஓர் இடத்திற்கு உரியவராவதில்லை. தாம் தருவதும் ஏற்கப்படும்போதே உரியவராகின்றனர்.

இவ்வன்புக்குச் சட்டமும் துணை நிற்கிறது. அரசியலமைப்பில் 2002ஆம் ஆண்டு செய்யப்பட்ட 86ஆம் திருத்தம் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதனை நிறைவேற்ற 2009இல் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டம் 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைக்கு, வயதுச் சான்று இல்லை என்பதற்காக இடம் மறுத்தல் கூடாது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதற்காகவும் மறுத்தல் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, வேண்டுமாயின் தனிப்பயிற்சியும் அளித்தல் வேண்டும். ஆயினும் சட்டம் பள்ளிக் கதவைத் திறக்கும். உள்ளே வந்த குழந்தையை வரவேற்க வேண்டியவர் உள்ளிருப்போரே.

பாகூரில் கிடைத்த பல்லவர் செப்பேடுகள் பழைய செய்தி ஒன்றைக் கூறுகின்றன. ஒன்பதாம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்மன் ஆட்சியில், அவ்வூரிலிருந்த கல்விநிலையத்திற்கு 3 ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டன. அறிவைப் போற்றிய கொடை அது. எனினும் அக்கல்வி எல்லார்க்கும் உரியதாய் இருந்ததில்லை. ஆண்ட குலத்தினர் பிள்ளைக்கும் கூலி வேலைக்கு வந்தவர் பிள்ளைக்கும் ஒரே பலகையில் இடம் என்பது பிற்காலத்தார் அரிதின் முயன்று பெற்ற செல்வம். அச்செல்வத்தைக் காப்பது ஒவ்வொரு வகுப்பின் பொறுப்பாகும்.

அடுத்த ஆண்டு பள்ளி திறந்த நாளில், வகுப்பு வாயிலில் மற்றொரு சிறுவன் தந்தையின் கையைப் பற்றியபடி நிற்கிறான். அவன் பீகாரிலிருந்து வந்தவன். எவரும் சிரிக்கவில்லை. ஒடிசாவிலிருந்து வந்தவள் பலகையில் சற்று நகர்ந்து, “இங்கே வா, தம்பி” என்று தமிழில் அழைக்கிறாள்.