டிஸ்க்கின் கடைசி செக்டர் யாருக்கு?

ஃப்ரீபிஎஸ்டி ஓடும் சர்வர் ஒன்றில் இரண்டு டிஸ்க்குகளை மிரர் செய்திருக்கிறோம். ஒன்று போனாலும் மற்றது இருக்கிறது என்று நிம்மதி. அடுத்த முறை பூட் ஆகும்போது திரையில் ஒரு வரி ஓடுகிறது: ஏடிஏ0 என்ற டிஸ்க்கின் இரண்டாவது ஜிபிடி அட்டவணை கெட்டிருக்கிறது, மீட்டெடுப்பது நல்லது. வயிற்றைக் கலக்கும் வரிதான். ஆனாலும் கட்டளை எதையும் உடனே அடிக்க வேண்டாம். டீயைக் குடித்துக்கொண்டே பார்ப்போம்.

ஜிபிடி என்பது எந்தப் பார்ட்டிஷன் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அதன் லேபிள் என்ன என்று எழுதி வைத்திருக்கும் அட்டவணை. டிஸ்க்கின் தொடக்கத்தில் ஒன்று இருக்கும்; அதன் நகல் கடைசியில் இருக்கும். டிஸ்க் முழுவதும் செக்டர் என்னும் சிறு துண்டுகளாகப் பிரிந்திருக்கிறது. பெரும்பாலும் ஒன்றுக்கு 512 பைட். நகலின் தலைப்புக்கு உரிய இடம், மிகச் சரியாகக் கடைசி செக்டர்.

மிரர் செய்யும் கருவி ஜிமிரர், 2004-இல் ஃப்ரீபிஎஸ்டி 5.3-உடன் வந்தது. 'இந்த டிஸ்க் இன்ன மிரரைச் சேர்ந்தது' என்று அதுவும் எங்காவது குறித்து வைக்க வேண்டுமே. அது குறிப்பதும் அதே கடைசி செக்டரில்தான்.

ஒரு கணக்கு நோட்டை நினைத்துக்கொள்வோம். முதல் தாளில் பொருளடக்கம், கடைசித் தாளில் அதன் நகல். ஜிமிரர் வந்து கடைசித் தாளின் மேல் தன் குறிப்பை எழுதி, அந்தத் தாளை மடித்து ஒட்டிவிடுகிறது. மிரர் வழியாக நோட்டைத் திறப்பவருக்கு ஒரு தாள் குறைவாகத்தான் தெரியும். வழக்கமான 1 டெராபைட் டிஸ்க்கில் 1,953,525,168 செக்டர்கள். அதன் மேல் அமைத்த மிரரில் 1,953,525,167. இரண்டின் மீதும் டிஸ்க்இன்ஃபோ கட்டளையை ஓட்டினால் இந்த ஒன்று குறைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான். 'கெட்டிருக்கிறது' என்றதும் டிஸ்க்கே சாகப்போகிறது என்று எடுத்துக்கொள்கிறோம். புது டிஸ்க் வாங்க ஓடுகிறோம். டிஸ்க்கின் உடல்நிலையைப் பற்றி அந்த வரி ஒன்றுமே சொல்லவில்லை. அதற்கு ஸ்மார்ட் பரிசோதனை தனியாக இருக்கிறது. கர்னல் நகலைத் தேடிப் போன இடத்தில் வேறொருவர் எழுத்து இருந்தது, அவ்வளவுதான்.

இதைவிட ஆபத்தானது, அந்த வரி சொல்லும் யோசனையை அப்படியே கேட்பது. ஏடிஏ0 மீது ஜிபார்ட் ரெக்கவர் அடித்தால், நகல் மறுபடியும் கடைசி செக்டரில் எழுதப்படும். ஜிமிரரின் குறிப்பு அழியும். மிரர் இயங்கும்போது கர்னல் இதை எளிதில் அனுமதிக்காது. மீட்பு யூஎஸ்பியிலிருந்து பூட் செய்தால் மிரர் மாட்யூல் ஏறியிருக்காது, தடுக்க ஆளில்லை. அடுத்த முறை ஜிமிரர் ஸ்டேட்டஸ் பாருங்கள்: அந்த டிஸ்க் பட்டியலிலேயே இருக்காது.

இதுவரை சொன்னது ஜிபிடி போட்ட டிஸ்க்கைப் பிறகு மிரர் செய்தவர்களுக்கு. முதலில் மிரர் அமைத்து, அதற்குள் ஜிபிடி போட்டவர்களுக்கு வரும் செய்தி வேறு: நகல் கடைசி செக்டரில் இல்லை என்று. நகல் பத்திரமாக ஒரு செக்டர் முன்னால் இருக்கிறது.

அப்படியானால் வழி? முழு டிஸ்க்கையும் ஜிபிடியோடு சேர்த்து மிரர் செய்ய வேண்டாம் என்று ஃப்ரீபிஎஸ்டி கையேடே சொல்கிறது. இரண்டு டிஸ்க்கிலும் ஒரே அளவில் பார்ட்டிஷன் பிரித்து, பார்ட்டிஷனுக்குப் பார்ட்டிஷன் மிரர் செய்யலாம். அப்போது ஜிமிரரின் குறிப்பு அந்தந்தப் பார்ட்டிஷனின் கடைசி செக்டருக்குள் அடங்கும்; டிஸ்க்கின் கடைசி ஜிபிடிக்கே இருக்கும். புது டிஸ்க் மாட்டும்போது பார்ட்டிஷன்களை மறுபடி பிரிக்க வேண்டும், பூட் கோடையும் இரண்டிலும் எழுத வேண்டும். கூடுதல் வேலைதான், ஆனால் செய்யத் தகுந்த வேலை.

லேபிள்களில் மட்டும் கவனம். இரண்டு டிஸ்க்கிலும் ஒரே லேபிள் வைக்காதீர்கள். டேட்டா0, டேட்டா1 என்று பிரித்து வையுங்கள். எஃப்எஸ்டேப் கோப்பில் அந்த லேபிள்களை எழுதாமல் மிரரின் பெயரையே எழுதுங்கள். லேபிளை எழுதிவிட்டு, லோடர் கோப்பில் மிரர் மாட்யூலை ஏற்றும் வரி விட்டுப்போனால், சிஸ்டம் ஒரே டிஸ்க்கில் சத்தமில்லாமல் ஓடும். மற்றது பழைய தகவலோடு நின்றுவிடும். மிரரின் பெயர் இருந்தால் பூட் அங்கேயே நிற்கும், தவறு அன்றைக்கே தெரிந்துவிடும்.