கோலும் சான்றிதழும்: தாம்பரத்துக் கல்லூரிக் கால்பந்து பற்றிச் சில குறிப்புகள்

‘நம்ம பசங்களுக்கு எல்லாம் வரும் சார். கோல் மட்டுந்தான் வராது.’

தாம்பரம், சேலையூர், வண்டலூர்ப் பக்கத்துக் கல்லூரி மைதானங்களில் இருபது வருஷத்துக்கும் மேலாக நான் கேட்டுவரும் வாக்கியம் இது. ஆட்டம் முடிந்து வலையைக் கழற்றும்போது ஒருவர் சொல்வார். சானடோரியம் ஸ்டேஷனில் பீச் வண்டிக்குக் காத்திருக்கும்போது இன்னொருவர் சொல்வார். சொல்கிறவர் மாறலாம், வாக்கியம் மாறாது. உடம்பு போதாது, சாப்பாடு போதாது, வெறி போதாது என்று காரணங்களும் தயாராக இருக்கும். சமயத்தில் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, ‘அந்தப் பசங்க ஓடுவானுங்க சார், யோசிக்க மாட்டானுங்க’ என்பதும் வரும். வியாசர்பாடியிலிருந்தும் காசிமேட்டிலிருந்தும் வந்து விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்த பையன்களைப் பற்றிய பேச்சு இது. அந்தத் தாழ்ந்த குரலில் எது ஒளிந்திருக்கிறது என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கோல் குறைவு என்பது உண்மை. அதை மறுக்கவில்லை. அந்தக் குறைவை ஆட்டக்காரனின் உடம்புக்குள் தேடுவதைத்தான் மறுக்கிறேன். அது போட்டியின் கட்டமைப்புக்குள்ளும், அதற்குப் பின்னால் நிற்கும் வேலைச் சந்தைக்குள்ளும் உற்பத்தியாகிறது. ‘உற்பத்தி’ என்ற சொல்லைத் தெரிந்தேதான் போடுகிறேன்.

கால்பந்து பார்க்காத தோழர்களுக்காக முதலில் கட்டமைப்பைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி நடக்கும். அதிலிருந்து பல்கலைக்கழக அணியைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த அணி, இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்தின் கீழ் நடக்கும் தென்மண்டலப் போட்டிக்குப் போகும். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி எல்லாம் அங்கே வரும். முதல் நான்கு இடம் பிடிக்கிற அணிகளே அகில இந்தியச் சுற்றுக்குப் போகும். அந்த நான்குக்குள் வரும்வரை பெரும்பாலும் நாக்-அவுட். தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்து என்றால் கையில் நீள்பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் வேறு ஆட்டம். அங்கே பன்னிரண்டு ஆட்டம்போலச் சீசன் முழுக்க ஆடிவிட்டு, அதில் தேறியவர்கள் ‘போஸ்ட் சீசன்’ என்ற கடைசிக் கட்டத்துக்குப் போகிறார்கள். 2024லிருந்து அந்தக் கட்டத்தின் சாம்பியன் பட்டத்துக்கான பிளே-ஆஃபில் 12 அணிகள். நமக்கோ சீசனே கிடையாது, நேராகப் போஸ்ட் சீசன்! நாலு ஆட்டம், அஞ்சு ஆட்டம், ஒரு வருஷம் அதோடு முடிந்தது.

இது கோலை என்ன செய்கிறது? ஒரு சின்னக் கணக்கு போடலாம். நூற்றுக்கு 70 தடவை ஜெயிக்கக்கூடிய நல்ல அணி ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். அது தொடர்ந்து ஐந்து ஆட்டம் ஜெயிக்கிற வாய்ப்பு நூற்றில் 17தான். அதே அணி கோல் போடக் கற்றுக்கொண்டு 70ஐ 80 ஆக்கினால் வாய்ப்பு 33 ஆகிறது. அதாவது முன்வரிசை கொஞ்சம் தேறினால் நம்பிக்கை இரண்டு மடங்கு. மாறாக, கோல் வாங்காமல் மட்டும் ஆடி, ஐந்து ஆட்டத்தையும் பெனால்டி ஷூட்-அவுட்டுக்குக் கொண்டுபோகிற அணிக்கு, ஐந்து முறை காசு சுண்டி ஐந்து முறையும் தலை விழ வேண்டும். முப்பத்திரண்டில் ஒன்று.

ஆக, கணக்குப்படி எல்லாரும் தாக்கி ஆட வேண்டும். ஏன் ஆடுவதில்லை?

பலவீனமான அணியின் காரணம் எளிது. நூற்றுக்கு 30 தடவை ஜெயிக்கிறவனுக்கு, காசு சுண்டினால் கிடைக்கிற 50 லாபம்தானே. அவன் பத்துப் பேரையும் பின்னால் நிறுத்துவான். பலமான அணியும் அப்படியே ஆடுகிறதே, அதுதான் எனக்குப் பல வருஷம் பிடிபடாமல் இருந்தது. ஒரு பி.டி. மாஸ்டர்தான் புரிய வைத்தார். ‘ஷூட்-அவுட்ல தோத்தா விதி சார். அட்டாக் பண்ணப் போயி கோல் வாங்குனா அது மாஸ்டர் தப்பு.’ தோல்விக்கு யார் பொறுப்பேற்பது என்பதே இங்கே ஆட்டத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. விதியின் பெயரில் தோற்பதற்குத் தண்டனை கிடையாது.

லீக் ஆட்டத்தில் இது தலைகீழ். ஜெயித்தால் 3 புள்ளி, சமனுக்கு 1. ஒரு ஆட்டத்தைத் தோற்று ஒன்றை ஜெயித்தவனுக்கு 3. இரண்டையும் சமன் செய்தவனுக்கு 2. துணிந்தவனுக்கு அந்த அமைப்பே கூலி கொடுக்கிறது. 2018-19 ஐ-லீக் கோப்பையை வென்ற சென்னை சிட்டி அணியை எடுத்துக்கொள்ளுங்கள் (பெயர்தான் சென்னை, ஆடியது கோவையில்). 20 ஆட்டங்களில் 48 கோல் போட்டது, 28 கோல் வாங்கியது. மூன்று ஆட்டம் தோற்றது. கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபிடம் முதலில் கோல் வாங்கிவிட்டு 3-1 என்று ஜெயித்து, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தியது. நாக்-அவுட்டாக இருந்திருந்தால் அந்த மூன்று தோல்வியில் முதலாவதே அவர்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கும்.

அந்த 48இல் 21 கோல் போட்டவர் பெட்ரோ மான்ஸி, வெளிநாட்டிலிருந்து வந்தவர். ‘பாத்தீங்களா, நம்மாளு போடல’ என்று யாராவது எடுத்துக்கொடுப்பார்கள். பெரிய கிளப்புகள் முன்வரிசை இடத்தை இறக்குமதிக்கு ஒதுக்கிவைத்தால் உள்ளூர்ப் பையன் எந்த இடத்தில் நின்று கற்றுக்கொள்வான்? ஜூன் 2024இல் விடைபெற்ற சுனில் சேத்ரியை, மார்ச் 2025இல், 40 வயதில், இந்திய அணிக்குத் திரும்ப அழைக்க வேண்டிவந்ததே. ஒரு தேசமே ஃபார்வர்டு வளர்க்காமல் விட்டதன் அத்தாட்சி அது. தாம்பரத்துப் பையனை மட்டும் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை.

இனி ‘உற்பத்தி’. அமெரிக்க விளையாட்டு எழுத்தாளர்கள் தாக்குதல் ஆட்டத்தின் விளைச்சலை ‘புரொடக்‌ஷன்’ என்றே எழுதுகிறார்கள். எத்தனை கஜம், எத்தனை புள்ளி என்று ஆலைக் கணக்குபோல. ஒருவகையில் நேர்மையான சொல். அரங்கில் லட்சம் பேர், தொலைக்காட்சியில் கோடிக்கணக்கான டாலர். உழைத்த மாணவனுக்கோ பல பத்தாண்டுகள் கூலி இல்லை, ‘மாணவ விளையாட்டு வீரன்’ என்ற பட்டம்தான். 2021இல்தான் தன் பெயரை வைத்துச் சம்பாதிக்க அவனுக்கு அனுமதி கிடைத்தது. கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்க வழிசெய்த நீதிமன்ற ஒப்பந்தம் 2025இல் வந்தது.

இங்கே டிக்கெட்டும் இல்லை, தொலைக்காட்சியும் இல்லை. அப்படியானால் நம் பையன் போடும் கோல் எதை உற்பத்தி செய்கிறது? ஒரு காகிதத்தை. ஆட்டக்காரர்கள் வட்டாரத்தில் அதன் பெயர் ‘ஃபார்ம் த்ரீ’. மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகளுக்கு ஒரு வரிசை இருக்கிறது. நாட்டுக்காக ஆடியவன் முதலில். தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடி 3ஆம் இடத்துக்குள் வந்தவன் அடுத்து. பல்கலைக்கழகப் போட்டியின் இறுதியில் 3ஆம் இடத்துக்குள் வந்தவன் அதற்கும் அடுத்து. பல்கலைக்கழகத்துக்கு ஆடியும் பதக்கம் வாங்காதவன் எல்லாருக்கும் கடைசி. ரயில்வே, வருமானவரி, சுங்கம், கணக்காயர் அலுவலகம் என்று சென்னைக் கால்பந்தே வேலை தரும் நிறுவன அணிகளைச் சுற்றி வளர்ந்தது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குள் வந்தவனுக்கு அந்தக் காகிதத்தின் மதிப்பு என்னவென்று சொல்லத் தேவையில்லை.

அந்தப் படிவத்தில் அணி பெற்ற இடத்தை எழுதக் கோடு போட்டிருக்கிறது. யார் எத்தனை கோல் போட்டான் என்று எழுதக் கோடு கிடையாது.

எங்கள் செட்டில் ஒருத்தன் இருந்தான். பெயர் வேண்டாம், பல்கலைக்கழகமும் வேண்டாம். இடது காலால் அவன் அடித்தால் கோலி திரும்பிப் பார்க்கத்தான் நேரம் இருக்கும். ஒரு தென்மண்டலப் போட்டியில் ஏழு கோல் போட்டான். காலிறுதியில் ஷூட்-அவுட்டில் அணி தோற்றது. தன் பெனால்டியை அவன் சரியாகத்தான் அடித்திருந்தான். கேம்ப் ரோடு டீக்கடையில் சான்றிதழை என் முன்னால் விரித்து வைத்துக் கேட்டான்: ‘மச்சான், நான் போட்ட ஏழு கோலும் இதுல எங்கடா எழுதியிருக்கு?’ மூன்று வருஷம் வேலைக்கு அலைந்தான். இப்போது குரோம்பேட்டையில் கூரியர் போடுகிறான். அவன் கோலின் மீது அவனுக்கே உரிமை இல்லாமல் போனதை அந்நியமாதல் என்று சொல்லலாம். நாம் அந்தச் சொல்லைக் கருத்தரங்குகளில் தேய்த்துவிட்டோம், ஆனால் அதன் அர்த்தத்தை நான் அந்த டீக்கடையில்தான் பார்த்தேன்.

அவனுக்குப் பிறகு வந்த பையன்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். பந்தோடு நேராகப் புகுந்து பறிகொடுத்து, எதிரணி அதிலே கோல் போட்டால், பதினெட்டுப் பேரின் காகிதம் போயிற்று. பக்கத்தில் இருப்பவனுக்குத் தள்ளிவிட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஏழைப் பையன் ‘யோசிக்க மாட்டான்’ என்றார்களே, அவன் யோசிப்பதால்தான் கோல் விழவில்லை!

மழையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தென்மண்டலப் போட்டிக்குத் தயாராகும் மாதங்களும் வடகிழக்குப் பருவமழையும் இங்கே ஒன்றாகத்தான் வரும். டிசம்பர் 2015இல் முடிச்சூரும் வரதராஜபுரமும் முங்கியதை மறக்க முடியாது. அவ்வளவு போகாத வருஷங்களிலும் செம்மண் மைதானம் சேறாகிக் கிடக்கும். சேற்றில் தடுப்பது சுலபம், காலுக்குள் பந்தை வைத்துத் திரும்புவதுதான் கஷ்டம். ஃபார்வர்டின் பயிற்சிதான் முதலில் நிற்கிறது.

இன்னொரு கோடும் இந்தப் பகுதியைப் பிரிக்கிறது. ஜார்ஜ் டவுனிலிருந்து 1937இல் தாம்பரத்துக்கு வந்த கிறிஸ்தவக் கல்லூரி, தன்னாட்சி பெற்றிருந்தாலும், சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அங்கே ஆடுகிறவன் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளின் ஆட்டக்காரர்களோடு மோதித்தான் பல்கலைக்கழக அணிக்குள் நுழைய வேண்டும். சில மைல் சுற்றளவிலேயே சேலையூரில் பாரத், பல்லாவரத்தில் வேல்ஸ், வண்டலூரில் கிரசென்ட், காட்டாங்கொளத்தூரில் எஸ்.ஆர்.எம். என்று நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். அங்கே கல்லூரி அணியே பல்கலைக்கழக அணி, நேரே தென்மண்டலம். கெட்டிக்காரப் பையன் எங்கே இடம் கேட்பான் என்பதில் புதிர் எதுவும் இல்லை. அதற்காக அவனைக் குறை சொல்லவும் எனக்கு மனசில்லை. ஆனால் இரண்டு பக்கத்துப் பையனுக்கும் நாக்-அவுட் ஒன்றுதான், படிவமும் ஒன்றுதான்.

போன வருஷம் ஒரு மாலை, ஆட்டம் முடிந்த பிறகு, அதே பி.டி. மாஸ்டரிடம் என் யோசனையைச் சொன்னேன். சுற்றுவட்டாரத்தில் எட்டுக் கல்லூரியைச் சேர்த்து, ஜூலையிலிருந்து மழைக்கு முன்பாக ஒரு லீக். ஆளுக்குப் பதினாலு ஆட்டம். தோற்றாலும் அடுத்த வாரம் ஆடலாம். யார் கோல் போட்டான், யார் போடக் கொடுத்தான் என்று ஒரு நோட்டில் எழுதிவைக்கலாம். பையன்கள் பயமில்லாமல் அடித்துப் பழகுவார்கள்.

மாஸ்டர் வலையை மடித்து மூட்டை கட்டிக்கொண்டே கேட்டார். முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

‘நடத்தலாம் சார், கிரவுண்டு கூட நான் வாங்கித் தரேன். சர்ட்டிபிகேட்டு யாரு குடுப்பா?’