சால்மன் மீனும் பங்கு முறையும்

வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் பசிபிக் மாகடலோடு கலக்கும் ஆறுகளில், ஆண்டுதோறும் சால்மன் மீன்கள் பெருந்திரளாக மேலேறி வருகின்றன. மும்பைச் சந்தையில் ராவஸ் மீனை ‘இந்திய சால்மன்’ என்று விற்பதுண்டு, அது வேறு குலத்தது, பெயரளவிலேதான் உறவு. நாம் ஈண்டுக் கூறுவது, ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, பிறந்த நீருக்கே மீண்டு, முட்டையிட்டபின் மடியும் மீனைப் பற்றியதாகும்.

இம்மீன் வரவு சில வாரங்களே நீடிப்பது. அந்நாட்களில் ஒரு குடும்பம் உண்ணத்தக்கதினும் பன்மடங்கு கிடைக்கும். பின்னர் நெடிய குளிர்காலம். எனவே இரண்டு கேள்விகள் எழுகின்றன: கெடாமல் வைப்பது எங்ஙனம்? எவருக்கெல்லாம் பங்கு?

கொலம்பியா ஆற்றின் செலைலோ அருவியில் வாழ்ந்த பழங்குடியினர் இரண்டுக்கும் விடை கண்டிருந்தனர். பாறையினின்று நீட்டிய மரமேடைகளில் நின்று, நீண்ட காம்புடைய வலையால் மீனை அள்ளினர். மேடையிடும் இடம் குடும்பத்தின் வழியுரிமை. மீனோ அவ்வாறன்று, வலை வீச இயலாத முதியோருக்கும், வந்த விருந்தினருக்கும் அதில் பங்குண்டு. பருவத்தின் முதல் மீனை ஊரார் அனைவரும் கூடி உண்ட பின்னரே அவரவர் தத்தமக்கெனப் பிடிக்கத் தொடங்குவர்.

நம் கருவாட்டுக்கு உப்பும் வெயிலும் வேண்டும். அங்கு உப்பின்றியே, பள்ளத்தாக்கில் வீசும் வறண்ட காற்றில் மெல்லிய கீற்றுகளாக உலர்த்தினர். ஆற்றில் புகுந்த சால்மன் பெரும்பாலும் இரை கொள்வதில்லை. உடற்கொழுப்பைச் செலவிட்டே ஏறுகிறது. கொழுப்பு குறைந்த மீன் எளிதில் சிக்கு நாற்றம் கொள்ளாது. ஆதலின் உள்நாட்டில் காற்றே போதியதாயிற்று. ஈரக்காற்றுடைய கடற்கரையிலோ புகையின் துணை வேண்டியிருந்தது. உலர்ந்த மீனை இடித்து, மீன்தோல் விரித்த கூடைகளில் அழுத்தி அடைத்தனர். 1805-இல் அவ்வழியே சென்ற லூயிஸ், கிளார்க் என்போர், ஒரு கூடை 90 முதல் 100 பவுண்டு நிறையுடையதென்றும், அம்மீன் பல ஆண்டுகள் கெடாதிருக்குமென்றும் எழுதிவைத்தனர்.

இக்காலத்தில் நண்பர்கள் கூடிப் பிடித்துக் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்துப் பகிர்ந்துகொள்கின்றனர். இதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். புளிப்பற்ற உணவில், காற்றுப் புகாத இடத்தில், பாட்யுலிசம் என்னும் கொடிய நச்சு நோயை உண்டாக்கும் நுண்ணுயிர் வளரக்கூடும். அதன் வித்துகள் கொதிநீரின் 100 பாகை வெப்பத்திற்கு அழிவதில்லை. அழுத்தக் கொப்பரையில் சுமார் 116 பாகை சென்டிகிரேடில், ஒரு பைண்ட் புட்டியை 100 நிமிடம் வைத்தல் வேண்டும். நஞ்சு கலந்திருப்பினும் மணத்திலும் சுவையிலும் தெரியாமற் போகலாம். நண்பர்க்கு மீனோடு நஞ்சையும் பங்கிட்டுக் கொடுத்தல் ஆகாதன்றோ!

செலைலோ அருவி இன்று இல்லை. 1957 மார்ச் 10-ஆம் நாள், தி டாலஸ் அணையின் நீர் சில மணி நேரத்தில் அதனை மூழ்கடித்தது. ஆயினும் கரையிலுள்ள சிற்றூரில் இளவேனில் மீன்விருந்து நின்றுவிடவில்லை.

பங்கின் வழக்கு நீதிமன்றமும் ஏறியது. 1850-களின் உடன்படிக்கைகள், பழைய மீன்பிடி இடங்களில் பழங்குடியினர் ‘குடிமக்களோடு பொதுவாக’ மீன் பிடிக்கலாம் என்றன. ‘பொதுவாக’ என்பதன் பொருள் யாது? கூட்டத்தோடு கூட்டமாக நின்று கிடைத்ததைக் கொள்வதா, அன்றிச் சரிபாதியா? மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லுக்காக நாட்கணக்கில் வாதிடும் நம்மனோர்க்கு இது வியப்பன்று. வாஷிங்டன் மாநில வழக்கில், 1974-இல், நீதிபதி போல்ட் சரிபாதி என்றே தீர்ப்பளித்தார். 1979-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் பெரும்பாலும் அதனை ஏற்றது.