ரோபோ ஏன் நகரவில்லை?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ரோபோவுக்கு நிரல் எழுதப் பழகும் மாணவர்களிடம் நான் காண்பது இதற்கு நேர்மாறானது. கூடம் உண்மையிலேயே கோணலாக இருக்க, தமக்குத்தான் ஆடத் தெரியவில்லை என்று ஒதுங்கி விடுகிறார்கள். நானும் அவ்வாறு ஒதுங்க இருந்தவன். ஆதலால் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். 1928-இல் சர் சி. வி. இராமன் தம் பெயரால் வழங்கும் விளைவைக் கண்டறிந்ததை நினைவுகூரும் நாள். அன்று எங்கள் இயற்பியல் துறைக்கு வரவிருந்த அரசுப் பள்ளி மாணவர்களுக்கு, கறுப்புக் கோட்டைப் பின்பற்றி ஓடும் சிறு ரோபோ ஒன்றைக் காட்டுவதென முடிவாயிற்று. நிரல் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன் நான். வீட்டில் கணினி இல்லை. நண்பனின் அக்கா பிளஸ் டூ படித்தபோது பெற்ற விலையில்லா மடிக்கணினியை இரவல் வாங்கினேன்.

எங்கள் ரோபோவின் மூளை, ஆர்டுவினோ ஊனோவைப் பின்பற்றிச் செய்த குறைந்த விலை போர்டு. ஆர்டுவினோ 2005-இல் இத்தாலி நாட்டு இவ்ரேயா நகரில், மின்னணுவியல் அறியாத வடிவமைப்பு மாணவர்களும் கையாளத்தக்க எளிய கருவியாகப் பிறந்தது. நிரலை எழுதும் எடிட்டர் மென்பொருளும் அதனுடன் இலவசமாகவே கிடைக்கிறது.

இது வேலை செய்யும் விதத்தை விளக்க எங்கள் ஊர்த் தறியே போதும். நான் இளம்பிள்ளைக்காரன், அப்பா சேலை நெய்பவர். தறியின் மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். அதில் ஏறும் அட்டையில் துளை இருந்தால் அதற்குரிய கொக்கி பாவு நூலைத் தூக்கும்; துளை இல்லையேல் தூக்காது. பூ இப்படித்தான் விழுகிறது. பிரான்சு நாட்டு ஜக்கார்டு 1804-இல் இம்முறையை உருவாக்கினார். எடிட்டர் என்பது அட்டை அடிக்கும் மேசை. நாம் எழுதும் நிரலை அது போர்டுக்குப் புரியும் எண்களாக மாற்றுகிறது. அதுவே துளையிட்ட அட்டை. அந்த எண்களை கேபிள் வழியே போர்டில் ஏற்றுவது, அட்டையைத் தறியில் மாட்டுவது போன்றது. மாட்டியபின் மேசைக்கு வேலையில்லை. கணினியைக் கழற்றிவிட்டாலும் ரோபோ ஓடும்.

ஆனால் எங்கள் ரோபோ ஓடவில்லை. போர்டில் விளக்கு எரிந்தது. ஏற்றும் பொத்தானை அழுத்தினால் சிவப்பு எழுத்தில் ஆங்கிலப் பிழைச் செய்தி வந்தது. இரண்டு நாள் நிரலை மாற்றி மாற்றி எழுதினேன். "இது நமக்கு வராது" என்று மனம் சோர்ந்து, பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைக்க எண்ணினேன். இரவு வீட்டில் அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "அட்டையெல்லாம் சரிதான் கண்ணு, கொக்கி நூலைப் புடிச்சிருக்குதான்னு பாத்தியா?"

மறுநாள் கேபிளைப் பார்த்தேன். அது பவர் பேங்குடன் வந்தது. மின்சாரத்தை மட்டும் கடத்துவது. சாதாரண யூ.எஸ்.பி. கேபிளில் நான்கு கம்பிகள்: இரண்டு மின்சாரத்திற்கு, இரண்டு தகவலுக்கு. இதிலோ தகவல் கம்பிகளே இல்லை. விளக்கு எரிந்ததன் காரணமும் நிரல் ஏறாததன் காரணமும் ஒருங்கே விளங்கின.

புதிதாகத் தொடங்கும் நண்பர்கள் கீழ்க்கண்ட வரிசையைக் கைக்கொண்டால் என்னைப்போல் அலைய வேண்டியதில்லை.

முதலாவது, கணினிக்கேற்ற எடிட்டர். 2022-இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பு புதிய கணினிகளுக்கு உரியது. பழைய 32 பிட் மடிக்கணினிக்கு 1.8.19 பதிப்பே போதும்.

இரண்டாவது, தகவலும் கடத்தும் கேபிள். கைப்பேசியிலிருந்து கணினிக்குப் படம் ஏற்ற முடிந்த கேபிள் எனில் நம்பலாம்.

மூன்றாவது, டிரைவர். விலை குறைந்த போர்டுகள் பலவற்றில் சி.எச். 340 என்னும் சில்லு உள்ளது. அதற்குரிய டிரைவர் இல்லையேல் கணினி போர்டை அடையாளம் காணாது.

நான்காவது, 'டூல்ஸ்' பட்டியில் இரண்டு தேர்வுகள். 'போர்டு' என்பது எந்த வகைப் போர்டு என்பது. 'போர்ட்' என்பது அது கணினியில் எந்த வாயிலில் இணைந்துள்ளது என்பது. ஒலி ஒன்றுபோல் இருப்பதால் குழம்ப வேண்டாம். கேபிளைப் பிடுங்கினால் பட்டியலில் எது மறைகிறதோ, அதுவே நம் போர்ட்.

ஐந்தாவது, மோட்டாரைத் தொடுமுன் 'பிளிங்க்' என்னும் மாதிரி நிரலை ஏற்றுங்கள். போர்டிலுள்ள சிறு விளக்கு சிமிட்டினால் பாதை முழுதும் சரி. இனி வரும் பிழை நம் நிரலிலோ மோட்டார் இணைப்பிலோதான் இருக்கும். 0, 1 என்ற முனைகளில் புளூடூத் போன்ற எதையேனும் இணைத்திருந்தால் நிரல் ஏற்றும்போது கழற்றி விடுங்கள். கணினியுடன் பேசும் வழியும் அதுவே.

நிரலில் 'செட்டப்' பகுதி ஒருமுறை நடப்பது. 'லூப்' பகுதி மின்சாரம் உள்ளவரை திரும்பத் திரும்ப நடப்பது. இரட்டைச் சாய்கோட்டுக்குப் பின் எழுதுவதைக் கணினி பொருட்படுத்தாது. அவ்விடத்தில் நான் தமிழிலேயே குறிப்பு எழுதுகிறேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தாலும் எனக்குப் புரிகிறது.

அறிவியல் நாளன்று ரோபோ கோட்டின்மேல் ஓடியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒரு சிறுமி மட்டும் போகாமல் நின்று, "அண்ணா, நான் ஒண்ணு மாத்தட்டுமா?" என்றாள். சிமிட்டும் விளக்கின் நிரலைத் திறந்து கொடுத்தேன். 1000 என்றிருந்த இரண்டு இடத்திலும் 200 என்று மாற்றி, தானே பொத்தானை அழுத்தினாள். விளக்கு படபடவென்று சிமிட்டியது. எனக்கு இரண்டு நாள் பிடித்த இடத்தை அவள் இரண்டு நிமிடத்தில் கடந்தாள். அவளுக்கு முன் கேபிளும் டிரைவரும் போர்ட்டும் சரியாக இருந்தன. வேறுபாடு அவ்வளவே.